விலை கேட்காத வாடிக்கையாளர்

மகள் வீட்டில் தங்கியிருந்த ஓர் அக்டோபர் மாதத்தில், பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னைத் துப்பாக்கிக் கடைக்கு அழைத்துப்போனார். டெக்சஸ் மாநிலத்தில், டாலஸிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் சிற்றூர் அது. நவம்பர் தொடக்கத்தில் மான் வேட்டைப் பருவம் வந்துவிடும். அவருடைய பழைய ரைஃபிளின் குழல் தேய்ந்துபோயிருந்தது. புதிதாக ஒன்று வேண்டும். டயர் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில் ஒற்றைக் கதவோடு இருந்தது அந்தக் கடை. சுவர் முழுக்க நீளத் துப்பாக்கிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கிகள். மூலையில் தோட்டாப் பெட்டிகள் அடுக்கிய அலமாரி. கல்லாவில் கடைக்காரர், பதிவேட்டோடு அவர் மனைவி, பின்னறையில் பழுதுபார்ப்பவர் ஒருவர். அவ்வளவுதான் கடை.

பெரியவர் செல்பேசியை எடுத்துக் காட்டினார். இதே ரைஃபிள் நெடுஞ்சாலையோரப் பெருங்கடையில் 60 டாலர் குறைவு. இங்கே மட்டும் ஏன் இந்த விலை என்று தொடங்கிய பேரம் அரை மணி நேரம் ஓடியது. கடைக்காரர் விலையில் இறங்கவில்லை. குறிநோக்கியைப் பொருத்தி, குறி பிசகாமல் சரிபார்த்துத் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம் என்றார். முணுமுணுத்தபடியே பெரியவர் ஒப்புக்கொண்டார். படிவம் நிரப்பினார்கள், பின்னணி விசாரணைக்கு அனுப்பினார்கள், அனுமதி வந்தது. பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்களா, துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டு, பூட்டு ஒன்றையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார் கடைக்காரர்.

இப்படி அரை மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள் உங்களுக்குத் தொல்லையாக இல்லையா என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை. "விலை கேட்கிறவரைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அவர் இந்தத் துப்பாக்கியை இருபது வருடம் வைத்திருக்கப்போகிறார். விலையும் கேட்காமல், எது என்றும் பார்க்காமல், ஏதாவது ஒன்றைக் கொடுங்கள் என்கிறவர் வந்தால்தான் என் கை நின்றுவிடும்."

சிறிய துப்பாக்கிக் கடைகளைப் பற்றி அமெரிக்கர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு இரண்டு குறைகளில்தான் சுற்றும். ஒன்று, விலை அதிகம். இன்னொன்று, மரியாதை போதாது. இரண்டும் உண்மையான குறைகளே. ஆனால், அந்தக் கடைக்காரரின் பதிலில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. துப்பாக்கி விற்கும் கடையில் ஆகப்பெரிய சேவை, விற்க வேண்டாத நேரத்தில் விற்காமல் இருப்பது. அந்தச் சேவைக்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூடுதல் விலையின் கணக்கு

அமெரிக்காவில் சில்லறையாகத் துப்பாக்கி விற்க உரிமம் பெற்ற கடைகள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். இவற்றில் பெரும்பாலானவை ஒரு குடும்பமோ இரண்டு மூன்று ஊழியர்களோ நடத்தும் சின்னக் கடைகள். பெருங்கடைகள் ஆயிரக்கணக்கில் கொள்முதல் செய்து விலையைக் குறைத்துக்கொள்கின்றன. சின்னக் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் நான்கும் ஐந்துமாக வாங்குகிறார். புதிய துப்பாக்கியில் அவருக்கு நிற்கும் லாபம் மிகச் சொற்பம். பழைய துப்பாக்கியை வாங்கி விற்பது, தோட்டா, உறை, குறிநோக்கி, துடைக்கும் எண்ணெய், பழுதுபார்க்கும் கூலி ஆகியவற்றில்தான் கடை வாடகையே தேறுகிறது. பழைய துப்பாக்கியைக் கொண்டுவருகிறவர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று கொதிப்பதும், புதியதை வாங்கப் போகிறவர் யானை விலை சொல்கிறார்கள் என்று புலம்புவதும் இந்த ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

விலைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியும் இருக்கிறது. 1937-இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின்படி, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு, கைத்துப்பாக்கிக்கு 10 விழுக்காடு தீர்வையை உற்பத்தியாளர் கட்டுகிறார். அந்தப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. கலிஃபோர்னியா மாநிலம் 2024 ஜூலை முதல் இதற்கு மேல் இன்னொரு 11 விழுக்காடு விதித்திருக்கிறது. வாங்குகிறவரின் கண்ணில் இவை பெரும்பாலும் படுவதில்லை. அவர் பார்ப்பது கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டை மட்டுமே.

இணைய வணிகம் வந்தபிறகு இந்த உரசல் கூர்மையாகிவிட்டது. அமெரிக்காவில் இணையத்தில் துப்பாக்கி வாங்கினாலும் அது வீட்டுக்கு வந்து இறங்காது. உரிமம் பெற்ற உள்ளூர்க் கடை ஒன்றுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே போய்ப் படிவம் நிரப்பி, விசாரணை முடிந்த பிறகே கையில் கிடைக்கும். இந்த வேலைக்குக் கடைக்காரர் வாங்கும் கூலி கடைக்குக் கடை வேறுபடும். 20 டாலர் வாங்குகிறவரும் உண்டு, 50 டாலருக்கு மேல் கேட்கிறவரும் உண்டு. "நான் வேறு இடத்தில் வாங்கிய பொருளுக்கு இவருக்கு எதற்குப் பணம்?" என்பது வாடிக்கையாளரின் வயிற்றெரிச்சல். "தன் வியாபாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் என் தலையில் கட்டுகிறார்" என்பது கடைக்காரரின் வயிற்றெரிச்சல். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கூலி எவ்வளவு என்பதை வாசலிலேயே எழுதி ஒட்டினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். பல கடைகள் அதைக்கூடச் செய்வதில்லை.

பஞ்சகாலத்து முகங்கள்

கடைக்காரர் எப்படிப்பட்டவர் என்பதைப் பஞ்சகாலம் காட்டிக்கொடுக்கும். 2020-இல் பெருந்தொற்றும் கலவரமும் தேர்தலும் சேர்ந்துவந்தபோது அமெரிக்கர்கள் துப்பாக்கிக் கடைகளை மொய்த்தார்கள். கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 3 கோடியே 97 லட்சம் பின்னணி விசாரணைகளை நடத்தியது. முந்தைய ஆண்டு அது 2 கோடியே 84 லட்சம். கைத்துப்பாக்கிக்குப் பரவலாகப் பயன்படும் 9 மி.மீ. தோட்டா, ஒன்று சுமார் 20 சென்ட்டுக்கு விற்றது, 70 சென்ட்டைத் தாண்டியது. பெரிய தோட்டா ஆலைகளில் ஒன்றை வைத்திருந்த ரெமிங்டன் நிறுவனம் அதே ஆண்டு திவாலானது பஞ்சத்தை இன்னும் கூட்டியது.

அந்த மாதங்களில் சில கடைக்காரர்கள் பழைய விலைக்கு வாங்கிய இருப்பை மூன்று மடங்குக்கு விற்றார்கள். வேறு சிலர், பழக்கமான வாடிக்கையாளர் என்றாலும் தலைக்கு இரண்டு பெட்டிக்கு மேல் கிடையாது என்று அளந்து கொடுத்தார்கள். மறுபடி ஏறிய விலைக்குச் சரக்கு வாங்கினால்தானே கடையைத் திறந்துவைக்க முடியும் என்ற முதல் வகையாரின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும், புயல் அடித்த மறுநாள் பால் பாக்கெட்டை இரட்டை விலைக்கு விற்ற கடையை நம் தெருக்காரர்கள் எத்தனை வருடம் ஆனாலும் மறப்பதில்லை அல்லவா? வேட்டைக்காரரின் நினைவும் அப்படித்தான். விலையில் விட்டுக்கொடுக்காத கடைக்காரரைக்கூட அவர் பொறுத்துக்கொள்வார். தவித்த நேரத்தில் கழுத்தைப் பிடித்தவரை மன்னிக்கமாட்டார்.

அப்போது கடை ஏறிய பலர் வாழ்வில் முதன்முறையாகத் துப்பாக்கி வாங்கியவர்கள். 2019 ஜனவரி தொடங்கி 2021 ஏப்ரல் வரை சுமார் 75 லட்சம் பேர் புதிதாகத் துப்பாக்கி உரிமையாளர் ஆனார்கள் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் பெண்கள். ஐந்தில் ஒருவர் கறுப்பினத்தவர். பழகிய முகங்களுக்கு மட்டுமே பழகிய கடைகள் இவர்களை எப்படி வரவேற்றன என்பதில்தான் இரண்டாவது குறை தொடங்குகிறது.

முகம் கொடுக்காத கடை

எதுவும் தெரியாமல் வருகிறவரை ஏளனமாகப் பார்ப்பது இந்தத் தொழிலில் ஒரு பழைய நோய். கணவரோடு வரும் பெண்ணிடம் பேசாமல் கணவரிடமே பேசுவது, தனியாக வரும் பெண்ணுக்கு என்ன தேவை என்று கேட்காமலே இளஞ்சிவப்புப் பிடி போட்ட சின்ன ரிவால்வரை எடுத்து நீட்டுவது, கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா?" என்று எடுத்தெறிந்து பேசுவது. சின்ன ரிவால்வர் பிடிக்க எளிது, ஆனால் எடை குறைவாக இருப்பதால் சுடும்போது பலமாகப் பின்னோக்கி உதைக்கும். புதியவருக்கு அது ஏற்றதல்ல. இதைக் கடைக்காரர் நன்றாக அறிவார். அறிந்தும் விற்றுத் தள்ளினால் அது மரியாதைக் குறைவோடு நிற்காது. பிடிக்கத் தெரியாத ஆயுதம் வீட்டுக்குப் போகிறது, அவ்வளவு தீவிரமான விஷயம் அது.

சின்னக் கடைக்கு விலையில் போட்டியிடத் தெம்பில்லை. அதன் கையிருப்பில் உள்ள ஒரே முதல், ஆளைப் பார்த்துப் பேசும் நேரம். பெருங்கடையின் ஊழியர் இன்று துப்பாக்கிப் பிரிவில் இருப்பார், நாளை தூண்டில் பிரிவுக்கு மாறிவிடுவார். சின்னக் கடைக்காரருக்கு ஊரில் யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் மணமுறிவு, யார் மகன் குடியில் விழுந்துகிடக்கிறான் என்பதெல்லாம் தெரியும். அந்த நெருக்கத்தை அலட்சியத்தால் பாழாக்கும் கடைக்காரர், வாடிக்கையாளரை மட்டும் இழப்பதில்லை. விற்காமல் இருப்பது என்ற அந்த மூன்றாவது சேவையைச் செய்யும் தகுதியையும் சேர்த்தே இழக்கிறார்.

ஆறு நாளில் மூன்று பேர்

2009-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்தது இது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்துக்குள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடை எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. படிவம் சரி, விசாரணை சரி, ரசீது சரி. ஆனாலும் செய்தி கேட்ட கடை உரிமையாளரால் சும்மா இருக்க முடியவில்லை. பொதுச் சுகாதார வல்லுநர்களும் துப்பாக்கி வியாபாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். "துப்பாக்கிக் கடைத் திட்டம்" என்ற முயற்சி அங்கே பிறந்தது. துப்பாக்கியைக் கண்டாலே ஒவ்வாதவர்களும் துப்பாக்கி விற்றே சாப்பிடுகிறவர்களும் சேர்ந்து ஒரு துண்டறிக்கையை எழுதியது அமெரிக்காவில் அரிதான காட்சி.

கடைக்காரர்களுக்காக அவர்கள் தொகுத்த எச்சரிக்கை அடையாளங்களைப் படித்தபோது டெக்சஸ் கடைக்காரரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. எந்த வகை என்பதில் அக்கறை இல்லை. அதிகத் தோட்டா தேவைப்படாது என்கிறார். பராமரிப்பு, பயிற்சி பற்றிக் கேட்பதே இல்லை. பேச்சுவாக்கில் மணமுறிவையோ வேலை இழப்பையோ சொல்கிறார். இவற்றைக் கண்டால் விற்காதீர்கள், தயங்காதீர்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு என்கிறது அந்த அறிவுரை. அடுத்த சில ஆண்டுகளில் அந்த மாநிலத்தின் கடைகளில் ஏறக்குறையப் பாதி, உதவி எண் அச்சிட்ட சுவரொட்டியையோ அறிக்கையையோ வைத்திருந்ததை ஆய்வு ஒன்று கண்டது. வேறு பல மாநிலங்களும் அந்த வழியைப் பின்பற்றின.

இது ஏன் முக்கியம்? 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் பள்ளிக்கூடப் படுகொலைகளின் பின்னால், படம் பிடிக்கப்படாத இந்தச் சாவுகள்தான் பாதிக்கும் மேல். துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்குப் பிழைப்பதில்லை. வேறு வழியில் முயன்று பிழைத்தவர்களிலோ மிகப் பெரும்பாலானோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. அந்த இருண்ட மணி நேரத்தைக் கடத்திவிட்டால் போதும், ஆள் மிஞ்சுவார். அந்த மணி நேரத்தின் கதவில் சில வேளை நிற்பது ஒரு சின்னக் கடைக்காரர்தான்.

ஒரு தாயின் தொலைபேசி அழைப்பு

கதவில் நின்றவர் கவனிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நீதிமன்றப் பதிவுகள் இருக்கின்றன. 2012 ஜூனில் மிசௌரி மாநிலத்தின் ஒடெசா ஊரில் ஒரு தாய், துப்பாக்கியும் அடகும் நடத்தும் கடையைத் தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குக் கடுமையான மனநோய், அவள் வந்தால் துப்பாக்கி விற்காதீர்கள் என்று விவரங்களைச் சொல்லி மன்றாடினார். இரண்டு நாள் கழித்து மகள் வந்தார், கடை விற்றது. ஒரு மணி நேரத்துக்குள் அந்த வீட்டில் தந்தை சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னணி விசாரணையில் மகளின் பெயர் தடைப் பட்டியலில் இல்லை, ஆகவே விற்பனை சட்டப்படி சரி என்பது கடையின் வாதம். 2005-இல் வந்த சட்டம் ஒன்று, துப்பாக்கிக் குற்றங்களுக்காக வியாபாரிகள்மேல் வழக்குத் தொடுப்பதைப் பெரிதும் தடுக்கிறது. ஆனால், ஆபத்து என்று தெரிந்தே ஒருவர் கையில் ஆயுதத்தை ஒப்படைப்பது அந்தப் பாதுகாப்புக்குள் வராது என்று மிசௌரி உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. கடை 22 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஒரு துப்பாக்கியில் கிடைத்த லாபத்தோடு இந்தத் தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தாய் இழந்ததை எந்தத் தொகையோடும் ஒப்பிட முடியாது.

2015 ஜூனில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவனின் துப்பாக்கியும் ஒரு கடையில் வாங்கியதே. அவனுடைய விசாரணைக்கு உடனே பதில் வரவில்லை. "காத்திருக்கவும்" என்றுதான் வந்தது. மூன்று வேலை நாள் கடந்தும் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்கலாம் என்கிறது கூட்டாட்சிச் சட்டம். விற்கலாம் என்றுதான் சொல்கிறதே தவிர, விற்றாக வேண்டும் என்று சொல்லவில்லை. வால்மார்ட் போன்ற பெருங்கடை, தெளிவான அனுமதி வரும்வரை விற்பதில்லை என்பதைத் தன் விதியாகவே வைத்திருக்கிறது. அவன் போன கடைக்கு அந்த விதி இல்லை.

விலைக்காகச் செய்யும் சின்னத் தந்திரம்கூட இந்தத் தொழிலில் எங்கே போய் முடியும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. வர்ஜீனியாவில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், போலீஸாருக்கான தள்ளுபடியில் தன் மாமாவுக்குக் கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். மாமாவும் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவரே. ஆனால், படிவத்தில் "எனக்காகவே வாங்குகிறேன்" என்று கையெழுத்திட்டது பொய்யானது. 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அது குற்றமே என்றது. நம்மூரில் உறவினரின் ராணுவ கேன்டீன் அட்டையில் மிக்ஸி வாங்கித் தரச் சொல்வதைப் போன்ற காரியம்தான், பொருள்தான் வேறு. இந்தக் கல்லாவில் வாங்குகிறவர் யார் என்பது விலையைவிடப் பெரிய கேள்வி. 2009-இல் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கியில் இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்ட 18 வயதுக்காரனுக்காக இன்னொருவர் துப்பாக்கி வாங்கியபோது, அந்தப் பையனும் கடையில் கூடவே நின்றிருந்தான். கண்டும் காணாததுபோல் விற்ற கடைக்கு எதிராக 2015-இல் நடுவர் குழு ஏறக்குறைய 60 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது.

யாரை மறுப்பது?

இங்கே ஒரு நியாயமான அச்சம் எழும். விற்கவும் மறுக்கவும் கடைக்காரருக்கே உரிமை என்றால், அந்த மறுப்பு யார்மேல் விழும்? 2015-இல் ஃபுளோரிடாவில் ஒரு துப்பாக்கிக் கடை, முஸ்லிம்களுக்கு இங்கே இடமில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்தது. கறுப்பினத்தவர் வந்தால் ஊழியரின் கண் பின்தொடர்வதும், உச்சரிப்பு மாறினால் விலை மாறுவதும் அமெரிக்கக் கடைகளில் புதிய புகார்கள் அல்ல. முகத்தைப் பார்த்து மறுப்பது அவமதிப்பு. அது யாரையும் காப்பாற்றுவதும் இல்லை. நியூ ஹாம்ப்ஷயர் பட்டியலின் சிறப்பே, அதில் நிறமோ மதமோ ஊரோ இல்லை என்பதுதான். ஆள் என்ன கேட்கிறார், எதைக் கேட்காமல் விடுகிறார் என்பது மட்டுமே இருக்கிறது. நடத்தையைப் பார்த்து மறுக்கக் கடைக்காரர் பழக வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும்.

ஒரு கடை மறுத்தால் அடுத்த கடைக்குப் போகமாட்டாரா என்று கேட்கலாம். போவார் என்பதும் உண்மை. 2016-இல் ஆர்லாண்டோ கேளிக்கை விடுதியில் 49 பேரைக் கொன்றவன், அதற்குச் சில வாரம் முன்பு கவச உடையும் மொத்தமாகத் தோட்டாவும் கேட்டுச் சென்ற ஒரு கடை, நடத்தை சரியில்லை என்று அவனைத் திருப்பி அனுப்பியது. பின்னர் அவன் வேறொரு கடையில் துப்பாக்கி வாங்கினான். முதல் கடைக்காரரின் "இல்லை" வீணாயிற்றா? கொலைக்கென்றே திட்டமிடுகிறவனைத் தனி ஒரு கடை நிறுத்த முடியாது. அதற்குச் சட்டமும் காவல்துறையும் வேண்டும். ஆனால், தன்மேலேயே கோபம் கொண்டு ஒரு மணி நேரத் தவிப்பில் வந்து நிற்பவருக்கு, அடுத்த கடைக்குப் போகும் அந்த ஒரு மணி நேரமே உயிராகலாம்.

இலங்கையும் எலி மருந்தும்

இதை நாம் பக்கத்திலேயே கண்டிருக்கிறோம். பூச்சிக்கொல்லியால் உயிர்விடுவது இலங்கையில் பெருந்துயரமாக இருந்தது. 1990-களின் நடுப்பகுதி தொடங்கி, மிகக் கொடிய பூச்சிக்கொல்லிகளை அந்நாடு ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. அந்த நாட்டின் போரும் வறுமையும் துக்கமும் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை; கைக்கெட்டும் தொலைவிலிருந்த நஞ்சுதான் விலகியது. தமிழ்நாட்டில் 2022-இல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியன், தனியாக வந்து கேட்பவருக்கு எலி மருந்து விற்கக் கூடாது, அதைக் கடையில் வெளிப்படையாகத் தொங்கவிடவும் கூடாது என்று சொன்னது இதே அறிவின் அடிப்படையில்தான். 104, 14416 ஆகிய உதவி எண்களில் இரவு பகல் பாராமல் ஒரு குரல் காத்திருப்பதும் அந்த ஒரு மணி நேரத்தைக் கடத்திவிடத்தான். "எதுக்குப்பா இது, வீட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்கும் உரக்கடைக்காரரும் டெக்சஸ் துப்பாக்கிக் கடைக்காரரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள்.

நம் பிள்ளைகள் அமெரிக்காவில் வாழ்கிறார்கள் என்பதாலும் இது நமக்கு அயல்நாட்டுச் செய்தி இல்லை. மாணவர் விசாவிலோ எச்–1பி விசாவிலோ இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கப் பொதுவாகத் தடை உண்டு; வேட்டை உரிமம் பெற்றவர்களுக்கு விலக்கு. பச்சை அட்டை வாங்கிவிட்டால் குடிமக்களைப் போலவே வாங்கலாம். ஆகவே, எந்தக் கடையில் எவ்வளவு விலை என்ற பேச்சு இன்று தமிழ்க் குடும்பங்களின் சாப்பாட்டு மேசைக்கும் வந்துவிட்டது. அந்தப் பேச்சில் பூட்டு எங்கே, பெட்டகம் எங்கே, பிள்ளையின் மனநிலை எப்படி என்ற கேள்விகளும் உட்கார வேண்டும்.

நல்ல விலை எது?

செய்ய வேண்டியவை தெளிவானவை. மூன்று நாளில் பதில் வராவிட்டால் விற்கலாம் என்ற ஓட்டையை அடைக்க வேண்டும். 2022-இல் வந்த சட்டம், 21 வயதுக்குட்பட்டவர்களின் விசாரணையில் சிக்கல் தென்பட்டால் மட்டும் காத்திருப்பைப் பத்து வேலை நாள் வரை நீட்டியது. எல்லா வயதுக்கும் பதில் வரும்வரை காத்திருப்பதே முறை. விற்பனை ஊழியருக்கு நெருக்கடி அடையாளங்களைக் கற்பிப்பது, உரிமத்தோடு சேர்ந்த கடமையாக வேண்டும். மனம் சரியில்லாத காலத்தில் துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வைத்திருங்கள் என்று ஊரார் கொண்டுவந்தால், வாங்கிவைக்கும் கடைகள் இப்போதே பல மாநிலங்களில் உண்டு. கொலராடோ அந்தக் கடைகளுக்கு வரைபடமே போட்டிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது எழும் சட்டச் சிக்கல்களிலிருந்து நல்லெண்ணத்தோடு செயல்படும் கடைக்காரரைச் சட்டம் காக்க வேண்டும். கடைக்காரர்கள் தங்கள் பங்குக்கு விலையையும் கூலியையும் எழுதி ஒட்டட்டும்; தெரியாமல் வருகிறவரை மதித்துப் பேசட்டும்.

வாடிக்கையாளருக்கும் ஒரு கடமை உண்டு. அறுபது டாலர் மிச்சம் என்று எல்லோரும் பெருங்கடைக்கும் இணையத்துக்கும் போனால், ஆளை அறிந்த கடை மூடிக்கொள்ளும். மூடாமல் தத்தளிக்கும் கடையில், இந்த மாத வாடகைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விற்கும் சோதனை வளரும். எல்லாக் கடைகளும் அப்படி ஆகிவிடுவதில்லை. குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகளின் மூலத்தைத் தேடியபோது, வியாபாரிகளில் சுமார் ஒரு விழுக்காட்டினரிடமிருந்தே அவற்றில் பாதிக்கும் மேல் வந்திருந்ததாக அமெரிக்க அரசின் 2000-ஆம் ஆண்டு அறிக்கை கூறியது. அதிகம் விற்கும் கடையிலிருந்து அதிகம் வருவது இயல்பு என்று அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும், பெரும்பாலான கடைகள் ஒழுங்காகவே நடக்கின்றன என்பது தெரிகிறது. ஒழுங்காக நடக்கும் கடை பிழைத்திருக்க வேண்டும் என்றால், அதன் "இல்லை"க்கும் சேர்த்து நாம் விலை கொடுக்க வேண்டும். அந்தக் கூடுதல் விலை கொள்ளை அல்ல. ஊருக்கான காவல் கூலி.

ரைஃபிளைக் காரில் ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர், "அறுபது டாலர் போச்சு" என்று மறுபடியும் சொன்னார். நான் கடையின் கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் கல்லாவில் கையூன்றி, உள்ளே வந்துகொண்டிருந்த அடுத்த ஆளின் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் விலைச் சீட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைக்காரர் சிரித்தபடி அவரை நோக்கி நடந்தார்.